கடலோரப் பழைய வீட்டைப் பழைய முறையிலேயே எழுப்புவது எப்படி? புதுச்சேரி, தரங்கம்பாடி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பழைய வீடு ஒன்றின் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து, செங்கல் மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தால், முதலில் அந்தச் சுவரில் சிமெண்ட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏறியிருக்கும். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்தடி உப்புநீரைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் பூச்சு வழியாகக் காற்றில் போனது, உப்பு பூச்சிலேயே தங்கியது. பத்திருபது வருஷத்தில் பூச்சு உதிர்ந்தது, வீட்டுக்காரர் மறுபடி பூசினார். செங்கலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிமெண்ட் பூசியதும் கணக்கு மாறிவிட்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கலின் நுண்துளைகளுக்குள் படிகமாகிறது. படிகம் பருக்கும்போது செங்கல் உடைகிறது. ஆகவே கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உப்பை அடைத்துவைக்க முயலக் கூடாது, அது வெளியே வரும் வழியைத் திறந்துவைக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி புதுச்சேரியின் தமிழ், பிரெஞ்சு, இரண்டும் கலந்த வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கலப்பு வீடு என்றால் கீழ்த்தளத்தில் தெருத் தாழ்வாரம், திண்ணை, மரத்தூண், முற்றம். மாடியில் வளைவு சன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், கார்னிஸ் (சுவரின் மேல் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பூச்சுப் பட்டை), கைப்பிடிச்சுவர். டேனியர் 1620 முதல் 1845 வரை இருந்த தரங்கம்பாடியில் வீட்டின் முகம் வேறு; ஆனால் சுண்ணாம்பு, செங்கல், தேக்கு, தளம் எல்லாம் அதே கைவேலைதான்.

இடிப்பதற்கு முன்: நிலமும் அனுமதியும்

முதல் கேள்வி, கடல் எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உங்கள் மனைக்கும் அலைக்கும் நடுவே கல்லணைப்பு இருக்கிறதா, பத்து வருஷத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தில் கரை எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இரண்டாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. வளர்ந்த நகரப் பகுதிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் வரும். அனுமதியோடு இருந்த கட்டடத்தை, பயன்பாட்டையும் தளப்பரப்புக் குறியீட்டையும் (மனைப்பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற கணக்கு) மாற்றாமல் திரும்பக் கட்ட அங்கே இடமுண்டு. கிராமப்புறமான மூன்றாம் வகையில், கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பட்டைக்குள்ளும் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். ஆனால் பழைய அடிப்பரப்பைத் தாண்டக் கூடாது. இங்கே பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்: வீட்டை முழுசாக இடித்துச் சுத்தம் செய்துவிட்டு விண்ணப்பத்தோடு போகிறார்கள். 'என்ன இருந்தது?' என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. இருந்ததற்கு ஆதாரம் பழைய வரி ரசீது, பத்திரம், அளவு வரைபடம், தேதியோடு கூடிய புகைப்படம். நான்கும் கையில் வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் பக்கத்தில் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்க்கவும் தனி அனுமதி வேண்டும். புதுச்சேரியில் நகர அமைப்புக் குழுமத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இடிப்பதா, பழுதுபார்ப்பதா? எங்கள் கருத்து: தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவரின் சாய்வு அதன் தடிமனில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதைத் தாண்டினால் சுமை சுவரின் நடு மூன்றிலொரு பங்கை விட்டு வெளியே போகிறது, ஒரு பக்கம் இழுபட ஆரம்பிக்கும். அப்போதும் அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக் கட்டினால் போதும். விரிசல் வளர்கிறதா என்று தெரிய, அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சத்தில் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய காயம்.

அளவெடுப்பது

அறைக்கு நான்கு பக்க அளவு போதாது. இரண்டு மூலைவிட்டமும் வேண்டும். பழைய வீட்டில் எந்த அறையும் சரியான செவ்வகம் கிடையாது. அதை 'சரி' செய்து கட்டினால் பழைய உத்திரங்கள் உட்காராது. பத்து வரி செங்கல்லின் மொத்த உயரத்தைச் சாந்தோடு சேர்த்து அளந்து எழுதுங்கள். புதுச் செங்கல் வரிசை பழையதோடு கைகோக்க வேண்டும் என்றால் இந்த ஒரு எண்தான் உயிர். கதவு, நிலை, தூண், போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), கம்பி, கீல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத் தகரச் சீட்டு கட்டுங்கள். சாக்பீஸ் எண் முதல் மழையோடு போய்விடும்.

பழைய நிறம் தெரிய, மழை படாத இடத்தில், கார்னிசுக்கு அடியிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ, அறுவைக் கத்தியால் உள்ளங்கை அளவுக்குப் படிப்படியாகச் சுரண்டுங்கள். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவது போல அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். பூச்சை ஒட்டிய முதல் அடுக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது வெறும் வெள்ளைப் பூச்சாக, நிறத்துக்கு அடியாக இருந்திருக்கலாம்.

பழைய சாந்தின் கலவையும் வேண்டும். சுவரின் உட்பகுதியிலிருந்து கெட்டியான 100 கிராம் துண்டு எடுத்து, உலர்த்தி, பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். நுரை அடங்கும்வரை சுண்ணாம்பு கரையும். மிஞ்சுவதைக் கழுவி, காயவைத்து, எடை போட்டால் மணலும் செங்கல் தூளும் எவ்வளவு என்று வரும். ஒரு எச்சரிக்கை: கடலோர மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், அதுவும் அமிலத்தில் கரைந்துவிடும். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் 'அந்தக் காலத்தில் பாதிக்குப் பாதி சுண்ணாம்பு போட்டார்கள்' என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள். அமிலத்தில் போடும் முன் பூதக்கண்ணாடியில் சிப்பித் துண்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

காலக்கணக்கு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மாடித்தளம் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும், அப்போதுதான் மழைக்கு முன் சுண்ணாம்பு இறுகும். சுவர் வேலை பிப்ரவரி முதல் ஜூன் வரை. சுண்ணாம்பை அதற்கு முந்தைய நவம்பரிலேயே நீற்றித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு வருஷத்தில் முழு வீட்டையும் முடிக்கும் ஒப்பந்தக்காரர் சுண்ணாம்பில் முடிக்க மாட்டார், கலவைக்குள் சிமெண்ட் வந்துவிடும். இரண்டு கோடைக்காலம் ஒதுக்குங்கள்.

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி (பிரெஞ்சுக்காலத்து நகராட்சி) கட்டடம் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் திரும்ப எழுப்பினார்கள். பழைய கட்டடத்துக்கு மழைக்காலம்தான் பரீட்சை என்பதால், பிரித்துப்போட்ட கூரையோடு அக்டோபருக்குள் நுழையவே கூடாது. நுழைய வேண்டிவந்தால் தகரக் கூரையோடு தனிச் சாரம் போட்டு மூடுங்கள். தார்ப்பாய் கடற்காற்றுக்கு நிற்காது.

சுண்ணாம்பு

கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மையானது, கொழுப்பானது, பூச்சுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் தானாக ஈரத்தில் இறுகாது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து மெதுவாகத்தான் கல்லாகும். அதனால்தான் சுவர்ச் சாந்திலும் தளத்திலும் செங்கல் தூள் சேர்க்கிறோம். அந்தத் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுக வைக்கும். தூளுக்கு அதிகம் வெந்த கறுப்புச் செங்கல் உதவாது, அது செத்த தூள். மிதமாக வெந்த, ஆரஞ்சு நிறச் செங்கல்லை அரைத்துச் சலித்து எடுங்கள்.

நீற்றுவதற்கு இரும்புத் தொட்டியில் மூன்று பங்கு நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு பங்கு சுட்ட கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கொதி அடங்கியதும் நன்றாகக் கலக்கி, நுண்ணிய சல்லடையில் வடித்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடிவைக்க வேண்டும். கட்டுச் சாந்துக்குக் குறைந்தது இரண்டு வாரம், பூச்சுக்கு மூன்று மாதம். அவசரப்பட்டால், அதிகம் வெந்து நீறாமல் நின்ற துணுக்குகள் சுவரில் ஏறிய பிறகு நீறும். பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தெறித்து விழுவது அதனால்தான்.

தண்ணீரும் மணலும் உப்பில்லாமல் இருக்க வேண்டும். கடலோரத்தில் வீட்டுக் கிணற்றை நம்பாதீர்கள். கொஞ்சம் சில்வர் நைட்ரேட் கரைசல் வாங்கிவைத்து, மணல் கழுவிய நீரில் இரண்டு சொட்டு விடுங்கள். பால் மாதிரி வெளுத்தால் குளோரைடு இருக்கிறது, அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். எம்-சாண்ட் வாங்கினால் தூசி கழுவியதாக இருக்க வேண்டும்.

தொடக்கக் கலவைகள் இவை. பழைய சாந்து சோதனையில் வேறு விகிதம் வந்தால் அதைப் பின்பற்றுங்கள். எல்லாம் கன அளவில்:

- மேல்சுவர் கட்ட: சுண்ணாம்புக் குழம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2
- தரைமட்டத்துக்குக் கீழே, ஈரம் நிற்கும் இடத்தில்: 1, 1, 1
- முதல் பூச்சு: 1, அரை, ஒன்றரை

கலவையைச் செக்கில் அரைப்பதே நல்லது. கரண்டியால் புரட்டினால் சுண்ணாம்பு மணலைச் சுற்றிப் படியாது. அரைத்த கலவையில் உள்ளங்கையகல வட்டு தட்டி நிழலில் ஒரு வாரம் காயவையுங்கள். விரிசல் விட்டால் சுண்ணாம்பு அதிகம் அல்லது தண்ணீர் அதிகம். விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அல்லது வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிட்டது.

கடுக்காய், வெல்லம் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். 60 லிட்டர் தண்ணீருக்குக் கொட்டை நீக்கி உடைத்த கடுக்காய் 1 கிலோ, வெல்லம் 2 கிலோ, ஒருநாள் ஊறல் என்று ஆரம்பித்து, வட்டு தட்டிப் பார்த்து மாற்றுங்கள். வெல்லம் கலவையைக் குழைவாக்கும், இறுகுவதைத் தள்ளிப்போடும். கூடினால் இறுகவே இறுகாது, எறும்பும் வரும். 'கொஞ்சமாகச் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும்' என்று மேஸ்திரி சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கொஞ்சம் சிமெண்ட் கலவையைச் சிமெண்டாகவும் ஆக்காது, சுண்ணாம்பாகவும் விடாது. போதாததற்கு, சிமெண்டில் உள்ள உப்புகளும் சுவருக்குள் போகும்.

அடிப்பகுதியும் உப்பும்

தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில், நான்கு படி ஏறிய திண்ணைகள் இன்று ஒரு படியில் நிற்கின்றன. வெளிமண் மட்டம் உயர்ந்தால் சுவர் ஈரமும் அவ்வளவு உயரும். முதல் வேலை, சுவரை ஒட்டிய மண்ணையும் சிமெண்ட் தரையையும் அகற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி மழைநீர் வாய்க்கால் எடுப்பது. வாய்க்கால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போகக் கூடாது, மணல் சரிந்துவிடும்.

அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் ஒரு மீட்டர் துண்டுகளாகப் பிரித்து 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டி, அது இறுகிய பிறகுதான் 2, 4. கடல்மணலில் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே நாளில் திறந்தால் சுவர் இறங்கும்.

சிமெண்ட் பூச்சை எடுக்கும்போது டிரில் வேண்டாம். சின்ன உளி, சுத்தியல். ஈரக்கோடு தெரியும் இடத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை எடுங்கள். மூட்டுகளில் மாவான சாந்தை முக்கால் அங்குலம் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்துப் பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு உறிஞ்சுபற்று: காகிதக்கூழ் அல்லது களிமண்ணும் கழுவிய மணலும் உப்பில்லாத நீரில் குழைத்து, சுவரை லேசாக நனைத்து, முக்கால் அங்குலத் தடிமனில் அப்புங்கள். அது காயும்போது சுவரின் நீரோடு உப்பும் பற்றுக்கு வரும். முழுக்கக் காய்ந்து தானே விடுபட்டதும் எடுத்து எறிந்துவிட்டு, புதுப் பற்று. இப்படி மூன்று முறையாவது. ஒவ்வொரு முறையும் எடுத்த பற்றில் கொஞ்சம் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெளுப்பு குறைந்துகொண்டே வர வேண்டும். அதன் மேல் முதல் ஆறு மாதத்துக்கு மணல் அதிகமான, தளர்ந்த சுண்ணாம்புப் பூச்சு ஒன்று போட்டு வைப்போம். அது உப்பு தின்று உதிர்வதற்கென்றே போடுவது. உதிர்ந்தால் வேலை தப்பு என்று பயப்பட வேண்டாம்.

துளை போட்டு ரசாயனம் செலுத்தும் ஈரத்தடுப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சுவர்களின் நடுவே உடைகல்லும் மண்ணும் நிரப்பியிருப்பார்கள். ரசாயனம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தரையில் பிளாஸ்டிக் விரித்து விட்ரிஃபைட் டைல்ஸ் போடுவதும் அப்படித்தான். தரையில் வெளியேற முடியாத ஈரம் சுவருக்கு ஓடும். செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தின் மேல் சுட்ட களிமண் ஓடோ கல்லோ பதியுங்கள்.

செங்கல் கட்டு

பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிட மெல்லிசு. சூளையில் தனி அச்சுக் கொடுத்து அறுக்கச் சொல்ல வேண்டும். காய்ந்து வெந்து சுருங்குவதையும் சேர்த்து அச்சைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பிரித்த செங்கல்லில் இரண்டைத் தட்டினால் வெண்கல ஓசை வருவதை எடுத்துவைக்கலாம். முழங்காலுக்குக் கீழே இருந்ததைத் திரும்பக் கட்டுச் சுவரில் போடாதீர்கள், அதில் உப்பு ஊறியிருக்கும். புதுச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது.

செங்கல்லை நன்கு ஊறவைத்துக் கட்டுங்கள். ஒரு நாளில் மூன்றடிக்கு மேல் ஏறாதீர்கள், அடிவரிச் சாந்து பிதுங்கும். மே மாதக் கடற்காற்றில் காலையில் நனைத்த சுவர் பத்து மணிக்கே காய்ந்துவிடும். சாரத்தில் ஈரச்சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரம் நிழலும் ஈரமும் காக்க வேண்டும். காய்ந்த சுண்ணாம்பு இறுகியதாக ஆகாது. மேலே ஓடு போல இருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே மாவு.

மெட்ராஸ் டெரஸ் தளம்

இந்த வீட்டின் மிகப் பெரிய வேலை இதுதான், கெட்டுப்போகும் வேலையும் இதுதான். அடுக்குகள் கீழிருந்து மேலே: தேக்குக் கட்டைகள், செங்குத்தாக நிறுத்திய தளச்செங்கல், ஜல்லிச் சுண்ணாம்பு, தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு).

எடையை முதலில் மனதில் வாங்குங்கள். மூன்று அங்குலம் செங்கல், மூன்று அங்குலம் ஜல்லி, இரண்டு அங்குலம் ஓடும் சாந்தும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிலோ. பத்துக்குப் பத்து அறையின் தலைக்கு மேல் மூன்றே கால் டன். 10 அடி அகலத்துக்கு 4×6 அங்குல நல்ல தேக்கு, ஒன்றரை அடி இடைவெளியில் இதைத் தாங்கும். அகலம் கூடினால் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் கட்டை அளவு சொல்ல வேண்டும்.

கட்டை நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்த முனையில்தான் உளுக்கும். ஒவ்வொரு முனையையும் தமருசியால் (துளைபோடும் கூர்ஊசி) குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முழுக் கட்டையையும் எறிய வேண்டாம். நல்ல பகுதி வரை சாய்வாக வெட்டி, அதே சாதி மரத்தில் ஒட்டு வைத்து, 316 ரகத் துருவேறா எஃகு போல்ட்டால் இறுக்குங்கள். சாதாரண இரும்பு போட்டால் துருவேறிப் பருத்து மரத்தையே பிளக்கும். சுவர்க் குழியில் கட்டை முனைக்குக் கருங்கல் சில்லு ஆதாரம் வைத்து, மூன்று பக்கமும் விரற்கடை இடைவெளி விடுங்கள், காற்றுப் போக வேண்டும்.

தளச்செங்கல் 6×3×1 அங்குலம். கட்டைகளின் மேல் மூலைவிட்டமாக, 45 பாகையில், விளிம்பில் நிறுத்திப் பதிப்பது. அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். கொத்தனார் ஊறிய கல்லின் ஒரு பக்கத்திலும் ஓரத்திலும் கெட்டிச் சாந்து அப்பி, முந்தைய வரியோடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்தி, ஒரு நொடி பிடித்து, கையை எடுக்கிறார். கல் அந்தரத்தில் நிற்கும். அடியில் பலகை கிடையாது. கை எடுத்ததும் கல் சறுக்கினால் சாந்து இளக்கம், அல்லது கல் சரியாக ஊறவில்லை. மூலைவிட்டமாகப் போவதால் ஒவ்வொரு வரியும் குறுக்காக ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவி, முடிவில் சுவரிலேயே முட்டி நிற்கிறது. மூட்டையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 180 கல் ஆகும். பத்துக்குப் பத்து அறைக்கு உடைசலோடு 1,800 கல் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஜல்லி. முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி இரண்டரை பங்கு, சுண்ணாம்புச் சாந்து ஒரு பங்கு. நான்கு அங்குலம் பரப்பினால் அடித்து அடித்து மூன்று அங்குலமாகும். மேலே சொன்ன அறைக்கு 33 கன அடி ஜல்லி வேண்டும். சரிவை இந்த அடுக்கிலேயே கொடுத்துவிடுங்கள், பத்தடிக்கு இரண்டு அங்குலம். ஓட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் நடுவில் தண்ணீர் நிற்கும். வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போக வேண்டும், மேலே கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்தபடி. இது ஒரு நாள் வேலை கிடையாது. ஐந்தாறு நாள் தொடரும். முதல் நாள் கட்டை பொத்தென்று விழும். சாந்து மேலே பாலாக ஊறிவரும். கடைசியில் கட்டை விழுந்து எகிறும், ஓசையும் கணீரென்று மாறும். அதுதான் நிறுத்தும் நேரம். கூலி மிச்சப்படுத்த இரண்டு நாளில் நிறுத்திய தளம்தான் முதல் மழையிலேயே ஒழுகுகிறது.

பத்து நாள் ஈரம் காத்தபின் தட்டோடு இரண்டு அடுக்கு, மூட்டின் மேல் மூட்டு வராமல். கைப்பிடிச்சுவர் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் நான்கு அங்குலத்துக்கு வளைத்துப் பூசுங்கள். மேல்தளத்தில் ஒழுகல் பெரும்பாலும் இந்த மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான். தளத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். இரண்டு சுவரில் உட்காரும் தனி உத்திரத்தின் மேல் வையுங்கள்.

தாழ்வாரச் சரிவுக் கூரையில் நாட்டு ஓடு இருந்ததா, மங்களூர் ஓடா என்று பழைய கைமர இடைவெளியைப் பார்த்தால் தெரியும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை 1865-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வீட்டுக்கு மங்களூர் ஓடு பின்னால் வந்த மாற்றம்.

தூண், கதவு, சன்னல்

மரத்தூணின் அடி மட்டும் இற்றிருந்தால் இருபுறமும் ஜாக்கி வைத்து உத்திரத்தை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் மேல்தளம் விரியும். இற்ற அடியை வெட்டி, ஒட்டு சேர்த்து, கல் பீடத்தில் உட்காரவையுங்கள். பீடத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஈயத்தகடு. பழைய வீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் பர்மாத் தேக்கு விலை கூடினாலும் இதற்கு ஈடில்லை. வாளுக்குப் போகும் முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். புது மரமானால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்காதீர்கள். கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை.

கார்னிசும் பூச்சும்

கார்னிசின் வடிவத்தைப் பழையதிலிருந்து எடுத்துத் துத்தநாகத் தகட்டில் வெட்டி, மரச் சட்டத்தில் பொருத்தி, சுவரில் கட்டிய ரீப்பர் (மரப்பட்டி) மேல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு அங்குலத்துக்கு மேல் சாந்து ஏற்றினால் எடை தாங்காமல் உரிந்து விழும். அடியில் இருக்கும் சின்னச் சொட்டுப் பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மழைநீர் சுவரோடு வழிந்து ஒரே வருஷத்தில் கறுப்புக் கோடு விழும். கைப்பிடிச்சுவரின் குட்டித் தூண்களைக் கம்பி வைத்துச் சிமெண்டில் வார்த்தால் ஐந்தாறு வருஷத்தில் கம்பி துருவேறி நெடுக்கில் பிளக்கும். குயவரிடம் சுட்ட மண்ணில் செய்துவாங்குங்கள்.

உள்சுவர் வழவழப்புப் பூச்சு நான்கு அடுக்கு. அரை அங்குல முரட்டுப் பூச்சு. அதன் மேல் நுண்மணலும் சுண்ணாம்பும் சரிக்குச் சரி. மூன்றாவது, பழுத்த சுண்ணாம்புக் குழம்பில் வெள்ளைக்கல் மாவு. கடைசியாக, மெல்லிய துணியில் வடித்த சுண்ணாம்புப் பாலில் முட்டை வெள்ளைக்கரு கலந்து காகிதத் தடிமனில் ஒன்று. முந்தையது பாதி காய்ந்து, விரல் பதியாமல் ஆனால் குளிர்ச்சியாக இருக்கும்போது அடுத்தது ஏற வேண்டும். கடைசி அடுக்கை வழுவழுப்பான கூழாங்கல்லால் அன்றே தேய்க்க வேண்டும். நடுவில் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் கோடு நிற்கும், பிறகு எதனாலும் போகாது. ஆகவே ஒரு சுவரை ஒரே நாளில் முடிக்கும் அளவுக்கு ஆள் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே இந்தப் பூச்சு வேண்டாம், அங்கே சாதாரணப் பூச்சோடு நிறுத்துவதே சுவருக்கு நல்லது.

வெளியே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண், சுவர் மூச்சு முட்டிவிடும். நீர்த்த சுண்ணாம்புப் பாலில் காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்களைச் சுண்ணாம்பின் எடையில் பத்திலொரு பங்குக்கு மிகாமல் கலந்து, ஈரச்சுவரில் ஐந்து மெல்லிய கைகள். முதல் கை அடித்ததும் 'ஒன்றுமே பிடிக்கவில்லையே' என்று தோன்றும். காய்ந்தபின்தான் நிறம் எழும். கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும், உதிரும்.

மின்கம்பிக்குச் சுவரை வெட்டாதீர்கள், மேலேயே குழாயில் ஓட்டுங்கள். குளியலறையைப் பழைய சுவரை ஒட்டாமல் முற்றத்தின் பின்பக்கம் தனியாக வைத்தால் பழுதுபார்க்கவும் எளிது.

முதல் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கட்டை முனைகள், மூலைகள், கார்னிஸ் அடி ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். தளத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் நீர்த்த சுண்ணாம்புப் பாலைத் தூரிகையால் நாலைந்து நாள் ஊட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடைந்துவிடும். ஜனவரியில் முழங்கால் உயரப் பூச்சு உதிர ஆரம்பித்திருக்கும். துடைப்பத்தால் பெருக்கி, அந்த அளவுக்கு மட்டும் திரும்பப் பூசுங்கள்.